ரயில் முதலில், வீடு பிறகு: வியன்னா நாட்குறிப்பு

ஞாயிறு, ஃபாவரிட்டன்

வியன்னா தலைமை ரயில் நிலையத்திலிருந்து தங்கச்சி வீட்டுக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்தாயிற்று. தங்கச்சி என்றால் சித்தி மகள். கல்யாணமாகி இங்கே குடியேறியவள். மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். "டாக்சி எதுக்கு மச்சான்? அந்தப் பூங்காவத் தாண்டுனா நம்ம வீடுதான்" என்றார். அப்படித்தான் இருந்தது.

திருச்சியில் ஃபிளாட் கட்டி விற்பது என் தொழில். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் சதுர அடி என்ன விலை என்றுதான் முதலில் மனசு கேட்கும். இந்த வாரம் முழுக்க அந்தக் கேள்வியோடுதான் சுற்றப்போகிறேன். நடுத்தரச் சம்பளக் குடும்பம் ஒன்று, ரயிலடியில், சூடாக்கும் செலவு கையைக் கடிக்காத வீட்டில் எப்படிக் குடியிருக்க முடிகிறது? ஷோன்ப்ருன் அரண்மனைப் படங்களை எதிர்பார்க்கிறவர்கள் வேறு பயணக் கட்டுரை தேடிக்கொள்ளவும்.

இவர்கள் இருக்கும் பகுதியின் பெயர் ஸோன்வென்ட்ஃபியர்ட்டல். முன்பு சரக்கு ரயில் யார்டு. பழைய தெற்கு ரயில் நிலையத்தை இடித்துப் புதிய தலைமை நிலையம் கட்டி 2014இல் முழுதாகத் திறந்தார்கள். தண்டவாளங்கள் சுருங்கியதில் மிஞ்சிய நிலத்தில் ஏறத்தாழ 5,000 வீடுகள், நடுவில் ஏழு ஹெக்டேர் பூங்கா. இதே நிலம் நம் ஊரில் பெரிய ஸ்டேஷனை ஒட்டிக் காலியானால் அங்கே மால் வரும், நட்சத்திர ஓட்டல் வரும். குடியிருப்பு வந்தாலும் கோடியில்தான் பேச்சு தொடங்கும். இங்கேயும் ஸ்டேஷன் முகப்பில் அலுவலகக் கோபுரங்களும் ஓட்டல்களும் உண்டு. ஆனால் பின்பக்கம் முழுக்கக் குடும்பங்கள். பக்கத்துத் தொகுதியில் குடியிருப்பவர்களுக்கென்றே சின்ன சினிமா அறை, நீச்சல் குளம், சுவர் ஏறும் கூடம்; கட்டடங்களுக்கு நடுவே பாலம்.

சாப்பாட்டுக்குப் பிறகு வாடகைக் கணக்கைக் கேட்டேன். வீடு 'வரம்புக்குட்பட்ட லாப' சங்கம் ஒன்றுக்குச் சொந்தம். இப்படிப்பட்ட சங்கங்களுக்கு 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வாடகை என்பது கட்டிய செலவு, கடன், பராமரிப்பு ஆகியவற்றின் கூட்டுத்தொகை. அதற்கு மேல் சட்டம் அனுமதிக்கும் சின்ன லாபம். மிஞ்சும் பணம் அடுத்த கட்டடத்துக்குத்தான் போக வேண்டும்.

"அட்வான்ஸ் உண்டா?"

"உண்டுண்ணா. ஆனா நம்ம ஊரு அட்வான்ஸ் மாதிரி இல்ல. கட்டுமானத்துலயும் மனையிலயும் நம்ம பங்குன்னு ஒரு தொகை கட்டணும். காலி பண்ணும்போது வருஷத்துக்கு ஒரு பர்சென்ட் கழிச்சிட்டு மிச்சத்தக் குடுத்துருவாங்க."

"வீட்டுக்காரர் திடீர்னு காலி பண்ணச் சொன்னா?"

தங்கச்சி சிரித்தாள். "வீட்டுக்காரரே கிடையாதேண்ணா. ஒப்பந்தத்துக்குக் காலக்கெடுவும் கிடையாது."

திங்கள், ஹைலிகன்ஸ்டாட்

யு1 மெட்ரோ பிடித்து, மாறி, யு4இல் கடைசி நிறுத்தம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எதிரே காரல் மார்க்ஸ் ஹோஃப், நகராட்சி கட்டிய குடியிருப்பு. கோட்டை மாதிரி என்று எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது வளைவுகள்தான். ஸ்டேஷனில் இறங்கும் கூட்டம் பின்னால் இருக்கும் ஹோஹே வார்ட்டே கால்பந்து மைதானத்துக்குப் போக வழிவிட்டு, கட்டடத்தின் அடியில் பிரம்மாண்ட வளைவுகளைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். ரயிலுக்கு முதுகு காட்டாமல் வரைந்த வரைபடம்.

காரல் ஏன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. 1927 முதல் 1930 வரை கட்டியது. நீளம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். அப்போது 1,382 வீடுகள். மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கட்டியிருக்கிறார்கள், மீதி முற்றமும் தோட்டமும். நான் இப்படி ஒரு பிளானைக் கொண்டுபோனால் என் பங்குதாரர் அன்றைக்கே கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுவார்.

இவர்களால் எப்படி முடிந்தது? பணமும் நிலமும் எங்கிருந்து வந்தன? முதல் உலகப் போரின்போது வாடகையை உறைய வைத்தார்கள். வாடகையில் லாபம் இல்லை என்றானதும் தனியார் கட்டுவதை நிறுத்தினார்கள். மனைக்கு ஆள் இல்லாமல் விலை விழுந்தது. விழுந்த விலையில் நகராட்சி வாங்கிக் குவித்தது. 1923இல் நிதிப் பொறுப்பில் இருந்த ஹூகோ ப்ரைட்னர் வீட்டு வரி ஒன்றைக் கொண்டுவந்தார். பெரிய வீட்டுக்குப் பெரிய வரி, சின்ன வீட்டுக்குச் சில்லறை. உச்சியில் இருந்த அரை விழுக்காட்டுச் சொத்துகளே மொத்த வரியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கட்டின. ஷாம்பெயின், பந்தயக் குதிரை, வீட்டு வேலையாள் எல்லாவற்றுக்கும் தனி வரி. பணக்காரர்கள் ப்ரைட்னரை எப்படித் திட்டியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம். அந்த வரியை வைத்து 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. ஒவ்வொரு கட்டடத்திலும் 'வியன்னா நகராட்சியால் கட்டப்பட்டது' என்று ஆண்டோடு சிவப்பு எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். இப்போது நகராட்சிக்குச் சொந்தமான வீடுகள் சுமார் 2,20,000. சங்கங்களின் வீடுகளையும் சேர்த்தால் ஊரில் பாதிப் பேர் இவற்றில்தான் குடியிருக்கிறார்கள்.

1934 பிப்ரவரியில் உள்நாட்டுச் சண்டை மூண்டபோது அரசுப் படை இந்தக் கட்டடத்தின் மீது பீரங்கியால் சுட்டது. குடியிருப்பைப் பீரங்கி வைத்துச் சுடும் அளவுக்கு அந்தக் காலத்தில் வீடு அரசியலாக இருந்திருக்கிறது.

பழைய சலவைக் கூடத்தில் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. வீடுகள் அன்றைக்கு மிகச் சிறியவை, முப்பது முதல் அறுபது சதுர மீட்டர். ஆனால் தண்ணீரும் கழிப்பறையும் வீட்டுக்குள்ளேயே. அதற்கு முன் வியன்னாத் தொழிலாளிகளுக்குப் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் பொதுக் குழாயும் பொதுக் கழிப்பறையும்தான். வீட்டைச் சின்னதாக்கி, குளியல் கூடம், சலவைக் கூடம், மழலையர் பள்ளி, நூலகம் எல்லாவற்றையும் பொதுவாக வைத்தார்கள்.

செவ்வாய், ஆஸ்பெர்ன் ஸீஸ்டாட்

இந்த ஊருக்கு வந்ததே இதைப் பார்க்கத்தான்.

ப்ராட்டர்ஸ்டெர்னில் யு2 ஏறினேன். டான்யூப் ஆற்றைத் தாண்டியதும் தண்டவாளம் மேம்பாலத்தில் ஓடுகிறது. வீடுகள் குறைந்து, வயல் தெரிந்து, ஊர் முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி ஒரு ஊர் தொடங்குகிறது. அதுதான் கடைசி நிறுத்தம், ஸீஸ்டாட். முன்பு இது ஆஸ்பெர்ன் விமான நிலையம். 1912இல் திறந்து 1977இல் மூடியது. 240 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறக்குறைய 600 ஏக்கர். 2007இல் ஸ்வீடன்காரர் யோஹன்னஸ் டோவாட்டின் குழு வரைந்த பெருந்திட்டத்தை நகரம் ஏற்றுக்கொண்டது. 2030களில் முடியும்போது 25,000 பேருக்கு மேல் குடியிருப்பார்கள், கிட்டத்தட்ட அதே அளவு வேலைகளும் இங்கேயே இருக்கும் என்பது திட்டம்.

இரண்டு தேதிகளை இங்கே எழுதி வைக்கிறேன். மெட்ரோ ஸீஸ்டாட் வரை ஓடத் தொடங்கியது 2013 அக்டோபர். முதல் குடும்பம் பெட்டி படுக்கையோடு வந்தது 2014 இலையுதிர்காலம். அதாவது ஏறக்குறைய ஓராண்டு, பொட்டல் காட்டுக்கும் கட்டுமான கிரேன்களுக்கும் நடுவே மெட்ரோ வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்து எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்! ஆனால் குடிவந்த குடும்பம் முதல் நாள் காலையிலேயே ரயிலில் வேலைக்குப் போய்விட்டது. முதல் நாளே ரயில் இல்லாவிட்டால் குடும்பம் கார் வாங்கிவிடும். கார் வாங்கிய பிறகு ரயில் வந்து என்ன பயன்?

மதியம் ஏரிக்கரையில் உட்கார்ந்து திருச்சி பஞ்சப்பூரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருங்கிணைந்த பேருந்து முனையம் வருகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே சுற்றிலும் மனை விலை ஏறத் தொடங்கியது. பஸ் வருவதற்கு முன்னால் தரகர்கள் வந்தார்கள். நானும் அங்கே மனை வாங்கினேன், மறைப்பானேன்? போக்குவரத்துக்கு அரசு போட்ட காசின் பலன் மனையை முதலில் மடக்கியவனுக்குப் போனது. பஸ்ஸில் ஏறப்போகிற ஆளுக்கு அந்தப் பக்கம் வீடு வாங்கக் கட்டுப்படியாகாது.

ஸீஸ்டாட்டில் நிலம் முதலிலேயே பொதுத்துறைக் கையில். ரயிலால் மனை மதிப்பு ஏறும், அது இங்கேயும்தான். ஏறிய மதிப்பு யார் பையில் விழுகிறது என்பதில்தான் வித்தியாசம். நிலம் வாங்கிச் சேர்க்கவே 1984இல் நகரம் ஒரு நிதியம் தொடங்கியது. இப்போது அதன் பெயர் வோன்ஃபோண்ட்ஸ் வியன். மனையை வைத்துக்கொண்டு 1995 முதல் அது போட்டி நடத்துகிறது. அதிக விலை கேட்பவருக்கு மனை என்கிற ஏலம் இல்லை. கட்டடக் கலை, செலவு, சூழலியல் என்று நடுவர் குழு மதிப்பெண் போடும். 2009இல் சமூக வாழ்வு என்பதையும் சேர்த்தார்கள். சிறந்த திட்டத்துக்கு மனையும் நகரத்தின் குறைந்த வட்டிக் கடனும். நான்கில் ஒன்று சொதப்பினால் மற்ற மூன்றும் காப்பாற்றாது.

இரவு மாப்பிள்ளை இன்னொன்று சொன்னார். 2019 முதல், தனியார் நிலத்தைப் பெரிய அளவில் குடியிருப்பு மண்டலமாக மாற்றினால் அதில் மூன்றில் இரண்டு பங்கு மானிய வீடாக இருக்க வேண்டும். அந்தப் பங்குக்கு நில விலை, கட்டும் தளப் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 188 யூரோவைத் தாண்டக் கூடாது. போனில் கணக்குப் போட்டேன். சதுர அடிக்குப் பதினேழரை யூரோ. என் தொழிலில் வரைபடம் வரைவதற்கு முன்பே பாதிப் பணம் மனையில் போய்விடும். இவர்கள் கை வைத்திருப்பது அந்தப் பாதியில்.

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெருக்கள், சதுக்கங்களுக்குப் பெரும்பாலும் பெண்களின் பெயர்: மரியா டுஷ் தெரு, ஹன்னா ஆரென்ட் சதுக்கம், பாடகி ஜானிஸ் ஜாப்ளினுக்கு ஒரு நடைபாதை. கார்களைப் பெரும்பாலும் வீட்டடியில் நிறுத்த முடியாது. பல கட்டடங்களுக்கும் பொதுவான கராஜ் சற்றுத் தள்ளி இருக்கிறது. காரை எடுக்க நடக்கும் தூரமும் ரயிலுக்கு நடக்கும் தூரமும் ஏறக்குறைய ஒன்று. சோம்பேறித்தனத்தையும் கணக்கில் எடுத்துப் போட்ட திட்டம் இது, பாராட்ட வேண்டும். ஏரி தோண்டியபோது கிடைத்த சரளையை அங்கேயே கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். லாரி வாடகை கொடுத்துக் கொடுத்து நொந்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஏரிக்கரைப் பக்கம் ஹோஹோ என்ற மரக் கோபுரம் நிற்கிறது. 24 தளம், 84 மீட்டர். நடுத்தண்டு கான்கிரீட், மேற்கட்டு பெரும்பகுதி மரம். படம் எடுக்கிற கூட்டம் அங்கேதான். ஓட்டலும் அலுவலகமும் உள்ள கட்டடம் அது. நம் கதைக்குச் சம்பந்தம் குறைவு.

குறைகளும் உண்டு. முதல் கட்டத்தில் கட்டிய தெருக்களில் கல்தளம் அதிகம், நிழல் குறைவு. நடுப்பகலில் ஒரு சதுக்கத்தைக் கடந்தபோது மே மாதத் திருச்சி நினைவுக்கு வந்துவிட்டது. பிறகு கட்டிய ஸீபார்க் பகுதியில் பாடம் படித்திருக்கிறார்கள்: தெருத்தளத்துக்கு அடியில் கரடுமுரடான கற்களை அடுக்கி, இடைவெளியில் மழைநீரைத் தேக்கி, மர வேர்கள் பரவ இடம் விட்டிருக்கிறார்கள். அந்த மரங்கள் இன்னும் இளசு. நிழலுக்குப் பத்து வருடம் காத்திருக்க வேண்டும்.

புதன், மழை

வெளியே போக மனமில்லை. மாலையில் மழை விட்டதும் ஷ்பிட்டெலாவ் வரை போய் வந்தேன். மெட்ரோ வாசலிலேயே குப்பை எரிக்கும் ஆலை. 1987இல் தீப்பிடித்த பிறகு ஹுண்டர்ட்வாஸர் என்ற ஓவியர் முகப்பை வரைந்து கொடுத்தார். தங்க உருண்டையும் வண்ணக் கட்டங்களுமாகப் புகைபோக்கி நிற்கிறது. குப்பையை எரித்த வெப்பம் குழாய் வழியாகச் சுடுநீராக வீடுகளுக்குப் போகிறது. இந்த ஊரில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இப்படி ஊர்க்குழாயில்தான் சூடு வருகிறது. தங்கச்சி வீட்டில் பாய்லர் எங்கே என்று தேடினேன், இல்லவே இல்லை. குழாயும் மீட்டரும்தான்.

நேற்று எழுதியதைப் படித்த நண்பர் வாட்ஸ்அப்பில் ரயில் டிக்கெட் விலை கேட்டிருக்கிறார். 2012இல் வருடப் பாஸை 365 யூரோவாகக் குறைத்தார்கள். நாளுக்கு ஒரு யூரோ, எந்த பஸ்ஸும் ட்ராமும் மெட்ரோவும். பல வருடம் அதைத் தொடாமல் வைத்திருந்து 2026 தொடக்கத்தில் ஏற்றிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு அதில் கோபம்.

வியாழன், ஆஸ்பாங்

வீட்டிலிருந்து நடந்தே போனேன். மூன்றாவது வட்டத்தில் யூரோகேட் என்ற பகுதி. ரென்வெக் புறநகர் ரயில் நிலையம் பக்கம். நூற்றுக்கணக்கான மானிய வீடுகள், எல்லாமே 'பாசிவ்' தரத்தில். இந்தத் தரத்தின் முதல் வீடுகள் 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட்டில் எழுந்தன. வீட்டைச் சூடாக்க ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 யூனிட்டுக்கு மேல் தேவைப்படக் கூடாது என்பது விதி. வியன்னாவின் பழைய கட்டடங்களில் இது சர்வசாதாரணமாக நூறைத் தாண்டும்.

கட்டட ஆள் என்ற முறையில் இதில் எனக்குப் பிடித்தது, மாய இயந்திரம் எதுவும் இல்லை என்பது. சுவருக்கு வெளியே தடிமனான வெப்பக் காப்பு. மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல். சுவரும் ஜன்னலும் சேரும் இடத்தில் காற்று கசியாமல் நாடா ஒட்டுவது. பால்கனித் தளத்தை உள்தளத்தோடு நேரடியாக வார்க்காமல் இடையில் காப்பு வைப்பது, இல்லையென்றால் அந்தக் கான்கிரீட் வழியாகவே சூடு வெளியேறிவிடும். பிறகு காற்றோட்டக் கருவி: வெளியேறும் அழுக்குக் காற்றின் சூட்டை உள்ளே வரும் புதுக் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும். கொத்தனார் அவசரத்தில் ஒரு ஓட்டையை அடைக்காமல் விட்டால் மொத்த உழைப்பும் வீண். அதனால் கட்டி முடித்ததும் விசிறி வைத்துக் காற்றழுத்தச் சோதனை செய்து பார்க்கிறார்கள்.

அடுக்குமாடிக்கு இது இன்னும் சுலபம். ஆறு பக்கமும் வெளியைப் பார்க்கும் தனி வீட்டைவிட, நாலு பக்கமும் அண்டை வீடு இருக்கும் ஃபிளாட் சூட்டை இழக்க வழி குறைவு. சாதாரணக் கட்டடத்தைவிடச் செலவு சில விழுக்காடுதான் கூடும் என்கிறது இங்குள்ளவர்களின் அனுபவம். வாடகை குறைவு என்று சொல்லிவிட்டு குளிர்கால பில்லில் பிடுங்கினால் அது மலிவு வீடு ஆகாது, இல்லையா?

கோடை இந்த வீடுகளுக்குத் தனிப் பாடம். உள்ளே புகுந்த சூடும் சுலபத்தில் வெளியே போகாது. அதனால் ஜன்னலுக்கு வெளியே மடிப்புத் திரை; உள்ளே போடும் திரை பாதி வேலைக்கூடச் செய்யாது. நம் ஊரில் சன்ஷேடைச் சுருக்கிவிட்டு முகப்பு முழுக்கக் கண்ணாடி கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு இந்தப் பத்தியை அனுப்பப்போகிறேன்.

இந்தக் குடியிருப்புக்கு நடுவில் ஒரு பூங்கா. முன்பு இங்கே ஆஸ்பாங் ரயில் நிலையம் இருந்தது. 1939க்கும் 1942க்கும் இடையில் 47,000க்கும் மேற்பட்ட யூதர்களை இங்கிருந்துதான் ரயிலேற்றி நாஜிகளின் கெட்டோக்களுக்கும் முகாம்களுக்கும் அனுப்பினார்கள். உயிரோடு திரும்பியவர்கள் மிகக் குறைவு. 2017இல் நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள்: கான்கிரீட்டில் இரண்டு தண்டவாளங்கள் நெருங்கி நெருங்கிப் போய் ஒரு இருட்டுக் கூட்டுக்குள் முடிகின்றன. பெயர்ப் பலகையைப் படித்த பிறகு, இன்றைக்கு எடுக்க நினைத்திருந்த ஜன்னல் படங்களை எடுக்கவில்லை.

வெள்ளி, ஃப்ளோரிட்ஸ்டோர்ஃப்

யு6இன் வடக்குக் கடைசி. அங்கிருந்து ட்ராம். டோனாஃபெல்டர் தெருவில் இருக்கும் குடியிருப்பை 1997இல் முடித்தார்கள். திட்டத்தின் பெயர் ஃப்ராவன் வெர்க் ஷ்டாட், 357 வீடுகள், வடிவமைத்தவர்கள் எல்லோரும் பெண்கள். குழந்தை வைத்திருக்கும் ஒருத்தியின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதிலிருந்து பிளான் போட்டிருக்கிறார்கள். தங்கச்சியும் கூட வந்தாள், ஏழு வயது மருமகனோடு.

அவள்தான் ஒவ்வொன்றாகக் காட்டினாள். படிக்கட்டில் பகல் வெளிச்சம் விழுகிறது. தள்ளுவண்டி வைக்க அந்தந்தத் தளத்திலேயே அறை, அடித்தளத்தில் பூட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டாம். சமையலறை ஜன்னலில் நின்றால் விளையாடும் பிள்ளை தெரியும். வளாகத்திலேயே மழலையர் பள்ளி. "அண்ணா, நீ கட்டுற ஃபிளாட்ல கிச்சன் ஜன்னலத் தொறந்தா என்ன தெரியும்?" என்றாள். டக்ட் தெரியும். பக்கத்து வீட்டு எக்ஸாஸ்ட் தெரியும். பதில் சொல்லாமல் மருமகனுக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டேன்.

அதே வட்டாரத்தில் நோர்ட்மன்காஸேயில் இன்னொன்று: 1999இல் குடியேறிய, கார் இல்லாதவர்களின் குடியிருப்பு. 244 வீடுகள். கார் வைத்துக்கொள்வதில்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் குடிவர வேண்டும். அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு கார் நிறுத்தம் கட்டாயம். இந்தத் திட்டத்துக்காகச் சட்டத்தைத் திருத்திப் பத்து வீட்டுக்கு ஒன்று என்று ஆக்கினார்கள். அடித்தள கராஜ் தோண்டாமல் மிஞ்சிய பணம் மொட்டைமாடித் தோட்டத்துக்கும் பொதுக் கூடங்களுக்கும் நீராவிக் குளியலுக்கும் போயிற்று.

அடித்தளப் பார்க்கிங் எவ்வளவு விழுங்கும் என்பது எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும். மண் தோண்டி, தடுப்புச் சுவர் கட்டி, தண்ணீர் இறைத்து, சரிவுப் பாதை விட்டு, கார்கள் திரும்புவதற்காகத் தூண்களைத் தள்ளித் தள்ளி வைத்து, அதனால் மேல்தளத்து பீம்களைக் கனமாக்கி... அந்தச் செலவு முழுவதும் கார் இல்லாத குடும்பத்தின் ஃபிளாட் விலையிலும் சேர்ந்துவிடும். ரயிலடியில் அந்த விதியைத் தளர்த்துவதே ஒரு மானியம். அரசுக்குக் காலணாச் செலவில்லை.

சனி, ஆல்ட்டர்லா

மறுபடி யு6, இந்த முறை தெற்கே. ஹாரி க்ளூக் வரைந்த கோபுரங்கள், 1973 முதல் 1985 வரை கட்டியவை. மூவாயிரத்துச் சொச்சம் வீடுகள், ஒன்பதாயிரம் பேர். கீழ்த்தளங்கள் சாய்ந்து சாய்ந்து மேலேறுகின்றன. ஒவ்வொரு பால்கனியிலும் பெரிய மண்தொட்டி, அதிலிருந்து கொடியும் புதரும் வழிகின்றன. மொட்டைமாடியில் நீச்சல் குளம்! பணக்காரர்கள் அனுபவிப்பதைச் சாதாரண வாடகையில் கொடுக்க வேண்டும் என்பது க்ளூக்கின் பிடிவாதம். மொத்தமாக அடுக்கினால் குளத்தின் செலவு வீட்டுக்குச் சொற்பம்தான் வரும் என்று கணக்கும் போட்டுக் காட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் பயமுறுத்தும் உயரம். இருபது மாடிக்கு மேல். உள்ளே நடந்தால் பூங்கா.

ஆனால் மெட்ரோ இங்கே வந்தது 1995இல், கட்டடம் முடிந்து பத்து வருடம் கழித்து. அதனால்தானோ என்னவோ, அடியில் பூராவும் கார் நிறுத்தம்.

மாலையில் வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்தது. மதுரைப் பையன், மனைவி, கைக்குழந்தை. வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு வாரமாக நான் இந்த ஊரைப் புகழ்வதை மாப்பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தார் அல்லவா? "இவரக் கேளுங்க மச்சான்" என்று என்னை அவர் பக்கம் திருப்பிவிட்டார்.

நகராட்சி வீட்டுக்கு மனுப் போட இந்த ஊரில் குறிப்பிட்ட காலம் பதிவோடு வசித்திருக்க வேண்டும். வருமான வரம்பு தாராளம்தான், ஊரில் பெரும்பாலோர் அதற்குள் வந்துவிடுவார்கள். புதிதாக வந்தவருக்கு அந்தக் காலக்கெடுதான் சுவர். சங்க வீட்டுக்கு முதலில் கட்டும் பங்குத் தொகை கையில் இல்லை. ஆகவே தனியார் வீடு, காலக்கெடுவோடு ஒப்பந்தம், அது முடிந்தால் மறுபடி தேடல். வாடகையும் தங்கச்சி வீட்டைவிடக் கூடுதல், அளவும் சின்னது.

"எங்க இருக்கீங்க?" என்றேன்.

"கடைசி ஸ்டேஷன்ல எறங்கி பஸ்ஸுண்ணே. பத்து மணிக்கு மேல அரை மணிக்கு ஒண்ணுதான். ஒன்பதரைக்கு நாங்க கிளம்பியாகணும்."